கை நடுங்கும் முன்பே மூக்கும் வயிறும் தூக்கமும் சொல்லும் சேதி! - நலம் நம் வீட்டில் 18

பார்க்கின்சன் என்றால் கை நடுக்கம் மட்டும்தானா? மலச்சிக்கல், தூக்கம், மனச்சோர்வு... இவற்றுக்கும் நடுக்கத்துக்கும் என்ன தொடர்பு?

அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த வாசனை கூடம் வரைக்கும் வந்துவிடுகிறது. பக்கத்திலேயே நிற்கும் அம்மாவுக்கு மட்டும் அது தெரியவில்லை. ``வயசாகிடுச்சுல்ல...'' என்று விட்டுவிடுகிறோம். அப்பாவுக்கு வருஷக்கணக்கில் மலச்சிக்கல். ``காய்கறி சாப்பிட்டாத்தானே!'' என்கிறோம். தாத்தா தூக்கத்தில் கத்துகிறார், பக்கத்தில் படுத்திருக்கும் பாட்டியை உதைக்கிறார். ``ஏதோ கெட்ட கனவு'' என்று திருநீறு பூசிவிடுகிறோம்.

சில வருடங்கள் கழித்து, இவர்களில் ஒருவருக்கு ஒரு கை மட்டும் நடுங்க ஆரம்பிக்கிறது. அப்போதுதான் நரம்பியல் மருத்துவரைத் தேடிப் போகிறோம். அவரோ, ``வாசனை தெரியுதா, மோஷன் ஒழுங்கா போகுதா, ராத்திரி தூக்கம் எப்படி?'' என்று கேட்கிறார். `கை நடுக்கத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று குடும்பத்தினர் குழம்பிப்போகிறார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், பார்க்கின்சன் உள்ளவரோடு வாழும் வீட்டில் பாதி மனஸ்தாபங்கள் குறைந்துவிடும்.

நடுக்கம், பாதிக் கதைதான்!

லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், இந்த நோயைப் பற்றி 1817-ல் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் விவரித்தது ஆறே ஆறு பேரை. அவர்களில் சிலர் அவர் தெருவில் பார்த்தவர்கள். தூக்கம் கெடுவதையும் மலச்சிக்கலையும் அவர் அப்போதே குறித்திருக்கிறார். ஆனால், புலன்களும் அறிவும் பாதிக்கப்படுவதில்லை என்றும் எழுதிவிட்டார். அதன் பிறகு நீண்ட காலம் மருத்துவ உலகின் பார்வை கை, கால்களிலேயே நின்றுவிட்டது.

இன்றைக்கு மருத்துவர்கள் இந்த நோயின் அறிகுறிகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதலாவது, அசைவு சார்ந்தவை. எல்லாச் செயலிலும் மந்தம், தசை விறைப்பு, சும்மா இருக்கும்போது வரும் நடுக்கம், தடுமாறும் நடை. இவற்றில் மந்தம் கட்டாயம் இருக்கும். நடுக்கம் எல்லோருக்கும் வருவதில்லை. சட்டைப் பட்டன் போடவே பத்து நிமிடம் ஆவது, கையெழுத்து சிறுத்துக்கொண்டே போவது, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருப்பது எல்லாம் இந்த வகைதான்.

இரண்டாவது, அசைவு சாராதவை. வாசனை தெரியாமல்போவது, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றல், உடல்வலி, அசதி, பதற்றம், மனச்சோர்வு, தூக்கக் கோளாறு, மறதி எனப் பட்டியல் நீளும். இத்தாலியில் 1,072 நோயாளிகளிடம் நடத்தி, 2009-ல் வெளியான ஆய்வில், 98.6 சதவிகிதம் பேருக்கு இவற்றில் ஒன்றாவது இருந்தது. சராசரியாக ஒருவருக்கு எட்டு அறிகுறிகள்!

வேர் ஒன்றுதான்

நமது அசைவுகள் சீராக இருக்க, மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் வேண்டும். அதைச் சுரக்கும் நரம்பு செல்கள் மூளையின் நடுப்பகுதியில், கரும்பொருள் எனப்படும் சிறு இடத்தில் இருக்கின்றன. பார்க்கின்சனில் இந்த செல்கள் மெள்ள மெள்ள அழிகின்றன. பெரும்பகுதி அழிந்த பிறகுதான் மந்தமும் நடுக்கமும் வெளியே தெரிகின்றன.

ஆனால், பாதிப்பு அந்த இடத்தோடு நிற்பதில்லை. ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் நரம்பு செல்களுக்குள் கட்டி கட்டியாகச் சேர்வது இந்த நோயின் அடையாளம். இந்தக் கட்டிகள், வாசனையை உணரும் மூளைப்பகுதி, குடலை இயக்கும் நரம்புகள், தூக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளும் மூளைத்தண்டு என்று பல இடங்களில் காணப்படுகின்றன. ஜெர்மனியின் ஹெய்கோ பிராக் குழுவினர் 2003-ல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். பலருக்கு இந்தப் பாதிப்பு மூக்கு சார்ந்த பகுதியிலும் மூளைத்தண்டின் அடியிலும் தொடங்கி, பிறகுதான் மேலேறி அசைவைக் கெடுக்கிறது என்பதே அது. எல்லா நோயாளிகளுக்கும் இந்த வரிசை பொருந்துவதில்லை. ஆனாலும், மலச்சிக்கலும் வாசனை இழப்பும் சிலருக்குப் பத்து வருடங்களுக்கு முன்பே வந்துவிடுவது ஏன் என்பதை இது ஓரளவு விளக்குகிறது.

மனச்சோர்வும் அப்படித்தான். `நோய் வந்துடுச்சேங்கிற கவலை' என்று மட்டும் அதை ஒதுக்க முடியாது. டோபமைனோடு செரோடோனின், நார்அட்ரினலின் போன்ற ரசாயனங்களும் குறைகின்றன. கை நடுங்குவதற்கு முன்பே சிலருக்கு மனச்சோர்வு வருவதும் அதனால்தான்.

எல்லா மலச்சிக்கலும் பார்க்கின்சனா?

பயப்பட வேண்டாம். ஹவாயின் ஹொனலுலுவில் 6,790 ஆண்களை 24 ஆண்டுகள் வரை கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. தினமும் ஒருமுறை மலம் கழித்தவர்களோடு ஒப்பிட்டால், அதைவிடக் குறைவாகப் போனவர்களுக்கு பார்க்கின்சன் வரும் ஆபத்து 2.7 மடங்கு. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால், அத்தனை பேரில், அத்தனை வருடங்களில் நோய் வந்தது 96 பேருக்குத்தான். மலச்சிக்கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. வாசனை தெரியாமல்போக சளி, சைனஸ், கோவிட் எனப் பல காரணங்கள் உண்டு.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. கனவு காணும்போது நம் தசைகள் தளர்ந்து கிடக்கும்படி மூளைத்தண்டு பார்த்துக்கொள்ளும். அந்தப் பூட்டு கழன்றுவிட்டால், கனவில் சண்டை போடுபவர் நிஜமாகவே கையைக் காலை வீசுவார், கட்டிலிலிருந்து விழுவார். தூக்கப் பரிசோதனையில் இந்தக் கோளாறு உறுதிசெய்யப்பட்ட 1,280 பேரைத் தொடர்ந்து கவனித்த பன்னாட்டு ஆய்வு 2019-ல் வெளியானது. 12 ஆண்டுகளில் அவர்களில் சுமார் 73 சதவிகிதம் பேருக்கு பார்க்கின்சனோ, அதன் பங்காளி நோய்களில் ஒன்றோ வரும் என்று அது கணக்கிட்டது. ஐம்பதைத் தாண்டியவர் தூக்கத்தில் அடிக்கடி உதைத்தால், நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

மாத்திரையோடு ஏறி இறங்கும் மனசு

பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்து லெவோடோபா. மூளைக்குள் போய் இது டோபமைனாக மாறும். சில வருடங்கள் போனதும், ஒரு வேளை மாத்திரையின் பலன் அடுத்த வேளைக்கு முன்பே தீர்ந்துபோகும். மருத்துவர்கள் இதை `ஆஃப்' நேரம் என்கிறார்கள். அப்போது நடை நின்றுபோவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதே நேரத்தில் சிலருக்கு இனம் புரியாத பதற்றம், வியர்வை, வலி, அழுகை வருவது தெரியாது. `காலையில நல்லாத்தானே இருந்தாரு, இப்ப எதுக்கு எரிஞ்சு விழறாரு' என்று வீடு கோபப்படும். மாத்திரை நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விடை கிடைக்கலாம்.

இரண்டு வகை அறிகுறிகளும் ஒன்றையொன்று கிளறியும் விடும். மந்தமான இரைப்பையில் மாத்திரை தேங்கினால், குடலுக்குப் போய்ச் சேரத் தாமதமாகி, நடுக்கமும் விறைப்பும் கூடும். பதற்றம் வந்தால் நடுக்கம் அதிகமாகும், வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கினால், ஏற்கெனவே தடுமாறும் நடை கீழே தள்ளிவிடும். அதனால், மலச்சிக்கலுக்கோ பதற்றத்துக்கோ சிகிச்சை எடுப்பது நடைக்கும் சேர்த்து எடுக்கும் சிகிச்சைதான்.

முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

முகத் தசைகளும் மந்தமாவதால், பேரன் முதல் மதிப்பெண் வாங்கி வந்தாலும் தாத்தாவின் முகத்தில் சிரிப்பு வராது. உள்ளே சந்தோஷம் இருக்கலாம். குரல் தணிந்துபோவதை `பேசவே பிடிக்கல' என்று எடுத்துக்கொள்கிறோம். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நிஜமாகவே மனச்சோர்வில் இருப்பவரை, `இந்த நோயில மூஞ்சி அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறோம். முகம் இரண்டையும் ஒன்றுபோலவே காட்டும். ``மனசு எப்படிப்பா இருக்கு?'' என்று வாய்விட்டுக் கேட்டால் மட்டுமே தெரியும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதுங்கள். மாத்திரை போட்ட நேரம், நடுக்கம், நடை, மலம், தூக்கம், மனநிலை எல்லாம் அதில் இருக்கட்டும். அடுத்த முறை டாக்டரிடம் அதைக் காட்டுங்கள். இந்த அறிகுறிகளுக்கென்றே 30 கேள்விகள் கொண்ட பட்டியல் மருத்துவர்களிடம் உண்டு, கேட்டு வாங்கலாம்.

* பருப்பு, பால், முட்டை, இறைச்சியில் உள்ள புரதம் சிலருக்கு லெவோடோபாவைக் குடலில் சேரவிடாமல் தடுக்கும். பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு மாத்திரை போடச் சொல்வார்கள். புரதத்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

* எக்காரணம் கொண்டும் மாத்திரையைச் சட்டென நிறுத்தக் கூடாது. கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

* வாந்திக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். மெட்டோகுளோப்ரமைட் போன்றவை பார்க்கின்சனை மோசமாக்கும்.

* பூனைக்காலி விதையில் லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது. `மூலிகைதானே' என்று ஆங்கில மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டால் அளவு கூடிவிடும். மருத்துவரிடம் சொல்லாமல் வேண்டாம்.

* சில மாத்திரைகள் சிலருக்குச் சூதாட்டம், கட்டுப்பாடில்லாத செலவு, அளவு மீறிய பாலுணர்வு போன்றவற்றைத் தூண்டும். இது குணக்கேடு அல்ல, மருந்தின் பக்கவிளைவு. வெட்கப்படாமல் டாக்டரிடம் சொன்னால், மாத்திரையை மாற்றிச் சரிசெய்வார்.

* படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிற்கப் பழக்குங்கள். தூக்கத்தில் உதைப்பவர் என்றால் கட்டிலைத் தாழ்வாக வையுங்கள், பக்கத்தில் கண்ணாடிப் பொருள்கள் வேண்டாம்.

பார்க்கின்சனை அடியோடு குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால், மலச்சிக்கல், தூக்கம், மனச்சோர்வு, வலி, தலைசுற்றல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சிகிச்சை இருக்கிறது. நடுக்கத்தைவிட இவைதான் எங்களைப் படுத்துகின்றன என்று சொல்லும் நோயாளிகள் நிறைய. `இதையெல்லாம் போய் டாக்டர்கிட்ட சொல்வாங்களா' என்று அவர்கள் தயங்கினால், பக்கத்தில் இருக்கும் நீங்கள் சொல்லுங்கள்.