ஏட்டு விதை முளைக்குமா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. இன்றைய விஞ்ஞான உலகில் அந்த ஏடு மிகப் பெரியதாக வளர்ந்துவிட்டது. மனிதன் முதல் பட்டுப்புழு வரை, நெல் முதல் பருத்தி வரை, உயிர்களின் உள்ளே எழுதப்பட்டிருக்கும் மரபுச் செய்தியை எழுத்தெழுத்தாகப் படித்துக் கணிப்பொறியில் சேர்த்து வைக்கிறார்கள். இதற்கு மரபணுத் தொகுதி வாசிப்பு என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் நடைபெறும் இக்காரியத்தில் தறியில் அமர்ந்திருப்பவருக்கும் ஏர் பிடிப்பவருக்கும் என்ன இருக்கிறது என்று நம் அங்கத்தினர் பலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் சரியன்று என்பதையும், இவ்விஷயத்தில் நம் கடமை இன்னது என்பதையும் எடுத்துரைக்கவே இதனை எழுதலானோம்.

முதலில் காரியம் இன்னதென்று காண்போம். நெசவாளர்க்கு இதனை விளக்குதல் எளிது. ஜக்கார்டுத் தறியில் எந்தப் பாவு இழை எழ வேண்டும், எது தாழ வேண்டும் என்பதை அட்டையிலுள்ள துளைகளே தீர்மானிக்கின்றன. அட்டையின் வரிசை மாறினால் மயில் அன்னமாகிவிடும். அவ்வாறே ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. நான்கே எழுத்துக்களால் ஆன அவ்விழையில் எழுத்துக்கள் நிற்கும் வரிசைதான் நெல்லை நெல்லாகவும் பருத்தியைப் பருத்தியாகவும் ஆக்குகிறது. மனிதனுடைய இழையில் சுமார் 300 கோடி எழுத்துக்கள் உள்ளன. நெல்லின் இழையில் சுமார் 39 கோடி. அட்டையைப் பார்த்துச் சேலையின் கோலத்தை அறிவதைப் போல, இவ்வரிசையைப் பார்த்து உயிரின் இயல்பை அறிய முயல்கின்றனர்.

இவ்வெழுத்துக்களை ஒழுங்காகப் படிக்கும் முறையொன்றை 1977ஆம் ஆண்டில் பிரெடெரிக் சாங்கர் என்னும் ஆங்கில விஞ்ஞானி அளித்தார். 1990இல் தொடங்கிய மனித மரபணுத் திட்டம் 2003இல் முடிவுற்றது. அப்போது விடுபட்டிருந்த பகுதிகள் 2022இல் நிரப்பப்பட்டன. அன்று பதின்மூன்று ஆண்டுகளும் சுமார் 300 கோடி டாலரும் வேண்டியிருந்த பணி, இன்று சில நாட்களில், ஆயிரம் டாலருக்கும் குறைவான செலவில் முடிகின்றது. பட்டுப்புழுவின் தொகுதி 2004இல் முதல் வடிவில் வெளிவந்தது. நெல்லின் தொகுதி 2005இல் முழுமையாக வெளியிடப்பட்டது. அப்பன்னாட்டு முயற்சியில் நெல்லின் 11ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியைப் படித்தவர்கள் நம் நாட்டு விஞ்ஞானிகள். 2018இல் 89 நாடுகளைச் சேர்ந்த 3,010 நெல்வகைகளின் தொகுதிகள் ஒப்பிடப்பட்டன.

இவ்வறிவால் உழவர்க்கு விளைந்த நன்மை ஒன்றைச் சொல்லுவோம். ஒடிசாவில் வெள்ளம் தேங்கும் தாழ்வயல்களில் உழவர்கள் ஒரு நாட்டு நெல்லை வழிவழியாகப் பயிரிட்டு வந்தனர். அந்நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எப்.ஆர். 13ஏ என்னும் வகை, இரண்டு வாரம் வரை நீரில் மூழ்கிக் கிடந்தாலும் மடிவதில்லை. மற்ற நெற்பயிர்கள் நீருக்கு மேலே எழ முயன்று தம் வலிமையெல்லாம் செலவிட்டு ஓய்ந்துபோகும். இதுவோ வளர்ச்சியை நிறுத்தி, உள்ள சத்தைச் சேமித்து, நீர் வடிந்தபின் தளிர்க்கும். இக்குணத்துக்குக் காரணமான மரபணு இன்னதென்று 2006இல் கண்டறிந்தனர். அதற்கு சப்-1 என்று பெயர். நெல்லின் எழுத்துக்கள் முன்னரே படிக்கப்பட்டிருந்தமையால், கலப்பு செய்த நாற்றுக்களில் எது அம்மரபணுவைப் பெற்றிருக்கிறது என்பதை இளம் பருவத்திலேயே தெரிந்துகொள்ள முடிந்தது. 2009இல் சுவர்ணா சப்-1 இந்தியாவில் வெளியிடப்பட்டது. நம் தமிழகத்து உழவர்க்குப் பழக்கமான சி.ஆர். 1009 நெல்லிலும் இக்குணம் சேர்க்கப்பட்டுக் காவிரிப் படுகையில் பயிராகின்றது.

இவ்வரலாற்றில் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. விஞ்ஞானி அம்மரபணுவைக் கண்டுபிடித்தார், அதனைப் படைக்கவில்லை. வெள்ளத்தில் தப்பிய கதிரிலிருந்து மறுவருஷத்துக்கு விதை எடுத்து வைத்த பெயர் தெரியாத உழவர்கள்தாம் அதனைக் காத்துக் கொடுத்தனர். அவர்கள் ஒருமுறை சலித்து அவ்விதையைக் கைவிட்டிருந்தால், இன்று எத்தனை கோடி டாலர் பொறியை வைத்தாலும் படிப்பதற்கு எழுத்து இருந்திராது.

இனி நம் அத்திப்பட்டுக்கு வருவோம். கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாற்றின் கழிமுகமும், வடக்கே மீஞ்சூர் வயல்களும், நடுவே அனல்மின் நிலையமும் துறைமுகச் சாலையுமாக அமைந்தது நம் பகுதி. உப்பு நமக்குப் புதிதன்று. உப்பளத்தில் உழைத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆனால் வயலில் உப்பு ஏறுவது வேறு காரியம். மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தமையால் கடல்நீர் நிலத்தின் அடியில் உட்புகுந்தது என்பது 1960களின் இறுதியிலேயே அறியப்பட்ட செய்தி. கிணற்று நீர் கரித்த பின் நிலத்தை விற்றவர்களை நாமெல்லோரும் அறிவோம். ஆகவே உப்பைத் தாங்கும் பயிர் என்பது நமக்கு வெறும் ஆராய்ச்சிப் பொருளன்று; பிழைப்பைப் பற்றிய கேள்வி.

இதற்கு விடை தேடுவோர் இரண்டு இடங்களில் தேடுகின்றனர். ஒன்று நாட்டு நெல். கேரளத்துக் கடலோரத்துப் பொக்காளி நெல்லின் முதற் குரோமோசோமில் உப்பைத் தாங்கும் குணத்துக்குரிய பகுதியைக் கண்டு, அதற்குச் சால்டோல் என்று பெயரிட்டு, வேறு நெல்வகைகளிற் சேர்த்து வருகின்றனர். தமிழகத்தில் களர்ப்பாலை, குழியடிச்சான் முதலிய வகைகள் இருக்கின்றன. களர்ப்பாலை என்ற பெயரிலேயே அதன் குணம் சொல்லப்பட்டுவிட்டது. பெயர் வைத்த உழவர் கணிப்பொறியின்றியே அவ்வெழுத்தைப் படித்தவர் அன்றோ?

மற்றோரிடம் நம் வாசலிலேயே உள்ளது. எண்ணூர்க் கழிமுகத்தின் சேற்றில் நிற்கும் வெண்கண்டல் மரத்தைச் சொல்லுகிறோம். அதன் இலையை நாவில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும். உவர்நீரை வேரால் உறிஞ்சி, மிகுந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகளின் வழியே வெளியேற்றும் மரம் அது. அவ்வின மரத்தின் மரபணுத் தொகுதியைப் புவனேசுவரத்திலுள்ள உயிர் அறிவியல் நிறுவனத்தாரும் தமிழ்நாட்டின் எஸ்.ஆர்.எம். ஆய்வு மையத்தாரும் சேர்ந்து படித்து 2021இல் வெளியிட்டனர். 31 குரோமோசோம்களில் சுமார் 46 கோடி எழுத்துக்கள். அதற்கு முன்னரே சென்னைத் தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வெண்கண்டலின் மரபணுக்களை நெல்லிற் புகுத்தி ஆராய்ந்திருக்கின்றனர். அவ்வகை நெல் இன்னும் உழவர் வயலுக்கு வரவில்லை. எனினும் வழி திறந்திருக்கிறது.

அம்மரத்துக்கு நாம் செய்தது என்ன? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகம் முழுவதும் படர்ந்தது. மீனவரின் படகும் வலையும் கெட்டன. கண்டல் மரங்களின் அடியும் வேரும் கருநிறமாயின. உலகம் வியந்து படித்த ஒரு நூலின் மூலப் பிரதி நம் கண்ணெதிரே எண்ணெயில் நனைந்து நின்றது. ஏட்டில் 46 கோடி எழுத்துக்கள் பத்திரமாக இருப்பதால் இம்மரம் போனாலும் கவலையில்லை என்று எவரேனும் சொல்வாராயின், அவர் அட்டையிருந்தால் தறியும் நெசவாளனும் வேண்டாம் என்பவரை ஒத்தவர். சேற்றோடும் அலையோடும் அம்மரம் நாள்தோறும் நடத்தும் போராட்டம் ஏட்டில் இல்லை. உப்பு இன்னும் மிகுந்தால் எந்த மரம் தாங்கும், எது மடியும் என்பதை உயிரோடு நிற்கும் மரங்களே காட்ட வேண்டும்.

நெசவாளர்க்கும் இதில் நேரான பங்கு உண்டு. இன்று ஆலைகளில் நூலாகும் பருத்தியிற் பெரும்பகுதி அமெரிக்க இனத்தது. அதன் மரபணுத் தொகுதியை 2015இல் படித்தபோது, அதற்குள்ளே இரண்டு பருத்திக் குடும்பங்கள் ஒன்றாய்ப் பிணைந்திருப்பது எழுத்தளவில் தெளிவாயிற்று. அவற்றுள் ஒன்று பழைய உலகத்துப் பருத்தியின் குடும்பம். நம் கருங்கண்ணிப் பருத்தி அக்குடும்பத்தைச் சேர்ந்தது. கருங்கண்ணியின் இனத்தொகுதியும் 2014இல் படிக்கப்பட்டது. நாட்டுப் பருத்தியின் இழை குட்டையானது, ஆலைக்கு ஏற்றதன்று என்று பல காலம் ஒதுக்கினோம். ஆனால் வடநாட்டில் அமெரிக்கப் பருத்தியைச் சூறையாடும் இலைச்சுருட்டை நச்சுநோயை எதிர்த்து நிற்கும் ஆற்றல் இந்த நாட்டுப் பருத்திக்கே உரியது. நாளை தறிக்கு நூல் தட்டுப்படாதிருக்க, யார் வயலில் இவ்விதை மிஞ்சியிருக்கிறது என்பதை நெசவாளரும் விசாரிக்க வேண்டியவராகின்றனர்.

இவ்விஷயத்தில் நம்மவரிடையே இரண்டு கருத்துக்கள் நிலவுகின்றன. விஞ்ஞானிகளிடம் விதையைக் கொடுத்தால் முதலாளிகள் கொண்டுபோய்விடுவார்கள், கொடுக்கவே கூடாது என்பது ஒன்று. எல்லாம் படிக்கப்பட்டுவிட்டது, சர்க்கார் விதைக் கிடங்கிலும் இருக்கிறது, இனிப் பழைய விதையை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் நம்மைக் கெடுக்கும் என்பதே எம் துணிபு. முன்னதன்படி நடந்தால் ஒடிசாவின் நெல் காவிரிக்கு வந்திராது. பின்னதன்படி நடந்தால் அடுத்த நோய்க்கும் அடுத்த வெள்ளத்துக்கும் ஈடுகொடுக்கும் விதை நம்மிடம் இராது. கிடங்கில் உறங்கும் விதை மாறும் பருவத்தோடு பழகுவதில்லை.

முதற் கருத்துடையாரின் அச்சத்தில் நியாயம் உண்டென்பதை மறுக்கவில்லை. முன்னெல்லாம் ஒருவர் நம் விதையைப் பயன்படுத்த வேண்டுமானால் விதையைக் கையில் வாங்கியாக வேண்டும். இன்று எழுத்து வரிசை கணிப்பொறியில் கிடைத்தால் போதும். விதை கொடுத்த ஊரின் பெயர்கூட மறைந்துபோகலாம். இதனை உணர்ந்து 2022இல் மாண்ட்ரியல் மாநாட்டில் நாடுகள் ஓர் ஏற்பாட்டுக்கு இசைந்தன. 2024இல் கொலம்பியா நாட்டுக் காலி நகரில் விதிகள் வகுக்கப்பட்டு, 2025 பிப்ரவரியில் காலி நிதி தொடங்கப்பட்டது. இவ்வெழுத்துக்களால் ஆதாயம் பெறும் பெரிய நிறுவனங்கள் இலாபத்தில் நூற்றுக்கு ஒன்றோ, வருமானத்தில் ஆயிரத்துக்கு ஒன்றோ அதற்கு அளிக்க வேண்டும் என்பது குறிக்கோள். ஆயினும் அது கட்டாயமன்று. பிறர் மனம் வைத்துக் கொடுப்பதை எதிர்நோக்கி நாம் கைகட்டி நிற்கலாகாது.

நம் நாட்டுச் சட்டங்களில் நமக்கு இடமிருக்கிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், முத்திரைப் பெயரிடாது விற்கவும் உரிமை அளிக்கிறது. தாம் காத்து வந்த வகையை உழவர் தனியாகவோ கூட்டாகவோ கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு குழுவையும் ஒரு மக்கள் பதிவேட்டையும் வேண்டுகிறது. அச்சட்டத்தை நடத்தும் தேசிய ஆணையம் வேறெங்கோ இல்லை. நம் சென்னையிலேயே இருக்கிறது. சட்டம் வழி காட்டும். நடப்பவர் நாமாதல் வேண்டும்.

ஆகவே நம் சங்கத்தின் முன் சில யோசனைகளை வைக்கிறோம். அங்கத்தினர் வீடுகளில் எஞ்சியிருக்கும் நெல், கேழ்வரகு, காய்கறி, பருத்தி விதைகளைப் பெயரோடும், மண்ணோடும், காத்தவர் பெயரோடும் எழுதும் பதிவேடு ஒன்றைச் சங்க அலுவலகத்தில் தொடங்குதல் வேண்டும். பழைய பெயர்களை மூத்தோர் வாயிலாகவே கேட்டெழுதுக. களர்ப்பாலை என்பது போன்ற ஒரு பெயர் ஓராண்டு ஆராய்ச்சிக்குச் சமம். உவர் ஏறிய வயல் ஒன்றைச் சிறிய அளவிலேனும் குத்தகைக்கு எடுத்து, உப்பைத் தாங்கும் நாட்டு வகைகளை ஆண்டுதோறும் விதைத்துப் புதுப்பித்து வருவோமாக. ஆராய்ச்சி செய்வோர் விதை கேட்டு வந்தால் மகிழ்ந்து கொடுப்போம். ஆனால் இன்ன ஊரில், இன்னாரிடம், இன்ன நாளில் பெற்றது என்று எழுத்தில் பெற்றுக்கொண்டு கொடுப்போம். கழிமுகத்துக் கண்டல் மரங்களை உள்ளாட்சிப் பதிவேட்டில் ஏற்றும்படி மீனவச் சகோதரர்களோடு சேர்ந்து கேட்போம்.

இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், அரை ஏக்கர் நிலம், விடாமுயற்சி ஆகியவை போதும். நம் பிள்ளைகளில் ஒருவர் நாளை ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து இவ்விதைகளின் எழுத்தைப் படிக்கும் நாள் வரலாம். அன்று அவர் கையில் கொடுக்க முளைக்கும் விதை நம்மிடம் இருக்க வேண்டும்.