மலைநாட்டு வீட்டுக்கு எந்தக் கூரை?



ஹப்புத்தளைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் ஐந்து வருடமாகச் சவூதியில் உழைக்கிறார். அவர் அனுப்பிய காசில் சுவர் எழும்பி, பீமும் போட்டாயிற்று. மேசன் பாஸ் அஸ்பெஸ்டஸ் போடச் சொல்கிறார், மாமனார் ஓடு என்கிறார், நானா தகரம் போதும் என்கிறார். "கூரைக்கென்று ஒதுக்கிய காசு ஒரு முறைக்குத்தான் போதும். எதைப் போட?" என்பது அவர் கேள்வி.

மலையில் வீடு கட்டுகிற எல்லோருக்கும் உள்ள கேள்விதான் இது. கல்முனையிலோ காலியிலோ கூரைக்கு எதிரி கடலின் உப்புக் காற்று. மலையில் எதிரி ஊருக்கு ஊர் மாறும். வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை, மாசியில் புல்லில் உறைபனி படியும். ஹப்புத்தளையோ இரு புறமும் பள்ளம் விழுந்த மலை முகட்டில் இருக்கிறது. வருடத்தின் நடுப்பகுதியில் அங்கே வீசும் காற்றைச் சொல்லவே வேண்டாம். ஆகவே ஹாட்வெயார் கடைக்குப் போகுமுன், உங்கள் காணிக்குக் காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது, மழை எந்தப் பக்கத்தால் அடிக்கிறது என்று பக்கத்து வீட்டு முதியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அஸ்பெஸ்டஸ். விலை மலிவு, மழைச் சத்தம் குறைவு, துருப்பிடிக்காது, எல்லாம் உண்மைதான். ஆனால் அதன் நார்த்தூசி சுவாசத்தோடு போனால் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும் என்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சந்தேகமே இல்லை. நோய் தலைகாட்ட இருபது, முப்பது வருடமும் ஆகலாம். நம் நாட்டில் இதன் இறக்குமதியைக் குறைக்க எடுத்த முடிவு 2017 டிசம்பரில் பின்வாங்கப்பட்டது. அஸ்பெஸ்டஸை நமக்கு விற்கும் ரஷ்யா, தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி அதே மாதம் நம் தேயிலையை நிறுத்தியிருந்தது! மலையில் கொழுந்து பறிக்கிறவர்களின் பிழைப்பும் அவர்கள் தலைக்கு மேலுள்ள கூரையும் இப்படியும் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன.

மலையில் இன்னொரு தொல்லை, பாசி. பனிமூட்டத்தில் ஷீட் பச்சை பிடிக்கும். பெருநாளைக்கு வீடு துப்புரவாக்கும்போது யாராவது கம்பித் தூரிகை எடுத்து மேலே ஏறித் தேய்ப்பார். தூசி கிளம்புவது அங்கேதான். ஏற்கனவே போட்டிருப்பவர்கள் பயந்து பிடுங்க வேண்டாம். உடையாத ஷீட்டை வெட்டாமல், துளைக்காமல், தேய்க்காமல் விட்டுவிடுங்கள். கழற்ற நேர்ந்தால் நன்றாக நனைத்து, முழுசாக இறக்குங்கள். புதிதாகப் போட நான் சொல்லமாட்டேன். சிமெந்து ஷீட்தான் வேண்டும் என்றால் அஸ்பெஸ்டஸ் கலவாத வகையும் இப்போது கிடைக்கிறது.

ஓடு அழகு, குளிருக்கும் நல்லது. ஆனால் பாரம். ஆயிரம் சதுர அடிக் கூரைக்கு ஏறக்குறைய நான்கு தொன் ஓடு ஏறும். அதே கூரைக்குத் தகடு அரைத் தொன்னும் வராது. அந்த நான்கு தொன்னைச் சுமக்க நல்ல கைமரம் வேண்டும். காற்று முகத்தில் ஒவ்வோர் ஓட்டையும் ஆணியாலோ கம்பியாலோ பிடித்துக் கட்டவும் வேண்டும். காற்று ஒதுங்கிய பள்ளத்தாக்கு வீடானால் மாமனார் சொல்வது சரி. ஹப்புத்தளை முகட்டுக்கு வேண்டாம்.

மிஞ்சுவது தகடு. லயன் காம்பராக்களில் துருவேறிய தகரத்தையும், அது பறக்காமலிருக்க மேலே வைத்த கல்லையும் பழைய டயரையும் பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. ஆனால் இன்று கிடைக்கும் நாக–அலுமினியத் தகடு வேறு சாதி. அதன் பூச்சில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 55 பங்கு, அலுமினியம்; சாதாரண நாகத் தகரத்தை விட நெடுங்காலம் துருவைத் தாங்கும். நம் சகோதரிக்கு நான் சொல்வது இதைத்தான். வாங்கும்போது நிறத்தைப் பார்த்து மயங்காமல் தடிப்பைக் கேளுங்கள். 0.47 மில்லிமீற்றர் என்றால் அது பூச்சோடு சேர்ந்த அளவா, வெறும் உருக்கின் அளவா என்றும் கேளுங்கள். 0.30 தகடு பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். காற்றில்தான் வித்தியாசம் தெரியும்.

காற்று கூரையை மேலிருந்து அமுக்கிப் பெயர்ப்பதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது. முதலில் கிளம்புவது ஓரங்களும் முகடும் மூலைகளும். அங்கே ஸ்குரூவை இரட்டிப்பாகப் போடச் சொல்லுங்கள். ஆணி வேண்டாம், காற்று ஆட்ட ஆட்ட அது கழன்று வரும். ஸ்குரூ தகட்டின் மேட்டில் இறங்க வேண்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அல்ல. இறப்பர் வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கவும் கூடாது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் வாய் காற்றுக்கு முதுகு காட்டட்டும். நான்கு பக்கமும் சரியும் கூரை, இரு பக்கக் கூரையைவிடக் காற்றுக்குத் தாங்கும். இறவாரத்தை நீட்டி அழகு பார்க்க வேண்டாம். காற்றுக்கு அது கைப்பிடி. கைமரம் சுவரோடு இரும்புப் பட்டியால் பிணைக்கப்படாவிட்டால், எத்தனை ஸ்குரூ போட்டாலும் மரமும் தகடுமாகச் சேர்ந்தே போகும்.

தகட்டுக் கூரைக்காரர் பலர் ஒரு முறைப்பாடு சொல்வார்கள்: மழையே இல்லை, ஆனால் விடியற்காலையில் கூரை ஒழுகுகிறது. ஓட்டை தேடி சிலிக்கன் அப்பியும் நிற்காது. அது ஒழுக்கு அல்ல. அடுப்பின் ஆவியும் ஐந்தாறு பேரின் மூச்சும் மேலே போய், இரவுக் குளிரில் சில்லிட்ட தகட்டில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டுகிறது. தகட்டின் கீழே வெப்பத்தடுப்பு விரிப்பு, அதன் கீழே சீலிங், இரு முனையிலும் காற்றுப் போக வலைத்துளை என்று போட்டால் இது பெரும்பாலும் நின்றுவிடும். மழைச் சத்தமும் குறையும். சீலிங்கைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளினால் கைமரம் உளுத்த பின்தான் பார்க்க நேரும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது மலையே சரிந்து வந்தது. அதற்குக் கூரையால் பதில் சொல்ல முடியாது. காணியின் சரிவைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்காதவர்கள், கூரைக் காசை எடுக்குமுன் அதைக் கேட்டுவிடுங்கள்.

வேலை நடக்கும் நாட்களில் பாஸ் கிரைண்டரால் தகட்டை வெட்ட வந்தால் தடுத்துவிடுங்கள். பொறி பட்ட இடமெல்லாம் பூச்சு கருகித் துரு பிடிக்கும். தகடு வெட்டும் கத்தரி போதும். துளைத்த இரும்புத் தூளை அன்றன்றே கூட்டி இறக்கச் சொல்லுங்கள். மிஞ்சும் இரண்டு தகட்டையும் ஒரு பிடி ஸ்குரூவையும் விற்காமல் வையுங்கள். முதல் காற்றுக்காலம் முடிந்ததும் யாரையாவது ஏற்றி, ஓரத்து ஸ்குரூக்களை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.