கருவி காட்டும் மேகம்

நம் விடுதி மொட்டை மாடியில், நாங்கள் சிலர் காசு சேர்த்து வாங்கி நிறுத்தியிருக்கும் வானிலைக் கருவியைச் சங்க அன்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை இவற்றோடு மேகத்தின் அடிமட்டம் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்றும் அது ஓர் எண் காட்டுகிறது. அந்த எண்ணோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு.

சென்ற ஜூலையில் ஒரு ஞாயிறு காலை ஆறு பேர் சிங்ககட் கோட்டைக்குப் புறப்பட்டோம். கருவி 1,060 மீட்டர் என்றது. கோட்டை புனே நகருக்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர்தானே, மேகம் நம் தலைக்கு மேலே நிற்கும் என்று கணக்குச் சொன்னவன் நானே. உச்சியை எட்டுமுன்பே வெண்புகை சூழ்ந்தது. முன்னே செல்பவர் முதுகு தெரியவில்லை. ஈரப் பாறையில் வழுக்கிய நண்பர் மூன்று வாரம் கணுக்காலில் கட்டோடு ஆய்வுக்கூடம் வந்தார்.

கருவி காட்டியது கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம். புனேயே சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகமோ ஊருக்கு மேல் 500 மீட்டரில்தான் இருந்தது. சென்னையில் வளர்ந்தவனுக்கு ஊரின் உயரத்தைக் கழிக்கும் பழக்கம் ஏது? அங்கே தரையும் கடல் மட்டமும் ஏறக்குறைய ஒன்றுதானே!

உண்மையில் இக்கருவி வானத்தைப் பார்ப்பதே இல்லை. விமான நிலையத்துக் கருவி லேசர் ஒளியை மேலே செலுத்தி, அது திரும்பும் நேரத்தை அளக்கிறது. 750 மீட்டரிலுள்ள மேகத்திலிருந்து ஒளி திரும்ப ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு போதும். நம்முடையது வெறும் பெருக்கல் போடுகிறது. மேலேறும் காற்று கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிர்கிறது. அதன் பனிநிலை 1.8 டிகிரி அளவே இறங்குகிறது. ஆகவே இரண்டுக்கும் உள்ள இடைவெளி கிலோமீட்டருக்கு 8 டிகிரி வீதம் சுருங்கும். ஒரு டிகிரிக்கு 125 மீட்டர். அன்று காலை வெப்பம் 26, பனிநிலை 22. நான்கை 125ஆல் பெருக்க மின்கலம் எதற்கு?

ஏப்ரல் பிற்பகலில் வெப்பம் 38, பனிநிலை 8 என்றால் ஊருக்கு மேல் 3,750 மீட்டர் என்று கணக்கு வரும். வானத்தில் பஞ்சளவு மேகமும் இராது! தரைக் காற்று மேலெழுந்து உண்டாகும் திரள்மேகத்துக்கும், மலை தடுத்து உயர்த்தும் காற்றுக்குமே இக்கணக்குப் பொருந்தும். வேறெங்கோ உருவாகி மிதந்து வரும் படைமேகத்துக்கு இது ஆகாது. மேலும், ஈரப்பதத்தில் 5 விழுக்காடு பிழையிருந்தால் விடை சுமார் 150 மீட்டர் தவறும். நம் கருவியையோ சிமெண்டுச் சுவரோடு கட்டி வைத்திருக்கிறோம். வெயிலில் சுவர் 4 டிகிரி கூட்டிக் காட்டினால் மேகம் 500 மீட்டர் உயர்ந்துவிடும்.

"தோராயந்தானே, போகட்டும்" என்கிறார் அறைத்தோழர். தோராயத்தோடு எனக்குப் பகையில்லை. ஆனால் அது "ஆயிரத்துச் சொச்சம்" என்று சொல்லவில்லையே, 1,060 என்கிறது! பிழை எல்லை எழுதாத அளவீட்டை ஆய்வுக்கூடத்தில் நம் ஆசிரியர் அடித்துவிடுவார். மாடியில் மட்டும் அதை நாம் ஏன் நம்பவேண்டும்?

ஆகையால் கருவியைச் சுவரைவிட்டு ஒரு கழியில் ஏற்றியிருக்கிறேன். மாடிக் கதவருகே ஒரு நோட்டும் தொங்குகிறது. வெப்பம், பனிநிலை, உங்கள் பெருக்கல், அந்நேரம் கோட்டை மேலுள்ள தொலைக்காட்சிக் கோபுரம் தெரிந்ததா இல்லையா – இந்நான்கையும் எழுதுங்கள். இதுவரை பதினொரு நாள் எழுதியாயிற்று. நான்கு நாள் கணக்குத் தோற்றிருக்கிறது.