வருத்தம் வேறு, பொறுப்பு வேறு

களம் புகும் வீரன் சாவை எதிர்நோக்கியே செல்கிறான். விமானத்தில் அமர்ந்து உறவினரைக் காணச் செல்லும் பயணிக்கோ களமும் இல்லை, பகையும் இல்லை. அவனைச் சுட்டு வீழ்த்திவிட்டு, ‘வருந்துகிறோம்’ என்று ஓர் அரசு கூறுமாயின் அது போதுமா? போதாது என்பதே நம் கருத்து.

1988 ஜூலை 3 அன்று பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஈரான் ஏர் 655 விமானத்தை, அமெரிக்கப் போர்க்கப்பலான வின்சென்ஸ் ஏவுகணைகளால் வீழ்த்தியது. 66 குழந்தைகள் உட்பட 290 பேர் மாண்டனர். அவர்களுள் இந்தியர் பதின்மர். பயணியர் வான்வழியில் மேலெழுந்துகொண்டிருந்த விமானத்தை, தாக்க வரும் போர் விமானமெனக் கப்பலில் இருந்தோர் பிழையாகக் கணித்தனர்.

அமெரிக்க அதிபர் ரீகன் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். எனினும் சட்டப் பொறுப்பை அமெரிக்கா ஏற்கவில்லை. 1989இல் ஈரான் சர்வதேச நீதிமன்றத்தை நாடிற்று. 1990இல் அக்கப்பலின் தலைவருக்குப் பணிக்காலச் சேவைக்கெனப் பதக்கம் அளிக்கப்பட்டது. ஈரானியர் நெஞ்சில் அது வெந்த புண்ணில் பாய்ந்த வேலாயிற்று. 1996இல் உயிரிழந்த ஈரானியரின் குடும்பங்களுக்கு 6 கோடியே 18 இலட்சம் டாலர் வழங்க உடன்பாடு ஏற்பட்டு, வழக்கு முடிந்தது. பணம் வந்தது; பொறுப்பேற்பு வரவில்லை. ஆதலின் காயமும் ஆறவில்லை.

ஆயின் காலம் மற்றொரு பாடத்தையும் புகட்டிற்று. 2020 ஜனவரி 8 அன்று, அமெரிக்காவுடனான பதற்றம் உச்சத்தில் இருந்த வேளையில், தெஹ்ரானிலிருந்து எழுந்த உக்ரைன் விமானத்தை ஈரானிய ஏவுகணைகளே வீழ்த்தின. 176 பேர் மாண்டனர். அவர்களுள் ஈரானியரே மிகுதி. அன்று வான்வெளி மூடப்படவில்லை. இயந்திரக் கோளாறு என மூன்று நாள் சாதித்த பின்னரே உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டது. கனடா, உக்ரைன், சுவீடன், பிரிட்டன் ஆகியவை 2023இல் அதே நீதிமன்றத்தை நாடின. அன்று வாதியாய் நின்ற நாடு பிரதிவாதியாயிற்று.

சட்டம் இல்லாமலில்லை. 1983இல் சோவியத் ஒன்றியம் கொரிய விமானத்தை வீழ்த்தி 269 பேர் இறந்த பின், பறக்கும் பயணியர் விமானத்தின்மீது ஆயுதம் ஏவலாகாது என 1984இல் சிகாகோ உடன்படிக்கை திருத்தப்பட்டது. குறை சட்டத்தில் இல்லை; தன் கை சுட்டபோது ஒரு துலாக்கோலும், பிறர் கை சுட்டபோது வேறொரு துலாக்கோலும் ஏந்தும் அரசுகளிடமே உள்ளது.

போரிடும் நாடு முதலில் தன் வானை மூட வேண்டும். பிழை நேரின் உண்மையை உடனே உரைத்து, பொறுப்பை எழுத்தில் ஏற்று, அதன் பின்னரே இழப்பீடு பேச வேண்டும். நட்பு நாடாயினும் பகை நாடாயினும் இவ்வளவுகோல் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். இறந்த குழந்தைக்கு எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று வினவிய பின் கண்ணீர் விடுவது நீதியாகாது.