றகரம் தொலைந்த சொல்

நவீன கவிஞன் இந்தச் சமூகத்தின் 'பரையா' என்று நம் விமர்சகர்களில் சிலர் எழுதுகிறார்கள். தமிழ் எழுத்தில் இருந்தாலும் அது ஆங்கிலப் பெயர்ச்சொல்லாம். ஒதுக்கப்பட்டவன் என்று அகராதி பொருள் சொல்கிறதாம். அதே அகராதியில் இன்னும் இரண்டு வரி படித்திருந்தால், சொல் தமிழிலிருந்து போனது என்பதும் தெரிந்திருக்கும். பறை, பறையர். போனபோது றகரம், திரும்பி வந்தபோது ரகரம். அந்த ஓர் எழுத்தோடு சாதியும் தொலைந்துபோயிற்று.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொல் இது. அப்போது அது இங்கிருந்த ஒரு குறிப்பிட்ட மக்களையே குறித்தது. பிறகு ஐரோப்பிய இலக்கியக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பாரிஸில் 1821இல் காசிமிர் தெலவீஞ் இதே பெயரில் ஒரு நாடகம் போட்டார். மாக்ஸ் வெபர் யூதர்களை இந்தச் சொல்லால் வகைப்படுத்தினார். ஹன்னா அரெண்ட் 1944இல் ஒரு கட்டுரைத் தலைப்பிலேயே வைத்தார். அரெண்டை நான் குறைசொல்ல மாட்டேன். தாய்நாட்டைவிட்டுத் தப்பி ஓட வேண்டியிருந்தவர் அவர். அவருடைய மொழியில் இச்சொல் தெருச்சண்டையில் வீசப்படும் வசவு அல்ல. தமிழில் இன்றும் வசவுதான்.

சொல் ஊர் மாறினால் பொருளும் மாறும், மூலத்தைத் தோண்டுவது பண்டிதத்தனம் என்பார்கள். லண்டனில் எழுதுகிறவனுக்கு இந்த வாதம் செல்லும். தமிழில் எழுதுகிறவன் அந்த ரகரத்தை றகரமாக்கி அதே வாக்கியத்தை மறுபடி எழுதிப் பார்க்கட்டும். கை வராது. எழுதினால் அது வசவாக இருக்கும், இல்லையென்றால் பொய்யாக இருக்கும். ஆங்கில வேடம் தேவைப்படுவது இதை மறைக்கத்தான்.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். வசவைச் சுமந்தவர் அதையே கொடியாகத் தூக்கினார்; அவருக்கு அந்த உரிமை இருந்தது. கவிதை திரும்பி வந்துவிட்ட மனக்கசப்பு அந்த உரிமையைத் தந்துவிடாது.

நான் இருப்பது திருவண்ணாமலையில். இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் முதல்முறையாக நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்று. அதுவும் போலீஸ் காவலோடு. கவிஞரே, உங்களை எந்தக் கோயில் வாசலில் நிறுத்தினார்கள்? எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்? தனியன் என்று சொல்லிக்கொள்ளுங்கள். அந்நியன் என்று சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் துயரத்துக்கு அவை போதும்.