வைத்தியருக்கு முன்னால் ஒருவர்

என் தமக்கையின் பெண் இவ்வருஷம் வைத்திய உதவியாளர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். விடுமுறைக்கு அவள் ஊருக்கு வந்த அன்றே எங்கள் வீட்டுப் பாட்டி குறுக்கு விசாரணையைத் தொடங்கிவிட்டாள்.

"நீ டாக்டரா?"

"இல்லை, பாட்டி."

"நர்ஸா?"

"அதுவும் இல்லை."

"பின்னே அங்கே உனக்கு என்னடி வேலை? கதவைத் திறந்துவிடுகிறதா?"

பெண் சிரித்துக்கொண்டே, "கண், காது, கைகால் இவற்றைப் பற்றிப் பாலபாடம் படித்திருக்கிறேன்" என்றாள். "பாலபாடந்தானா!" என்று பாட்டி உதட்டைப் பிதுக்கினாள். அந்தப் பாலபாடத்தின் மகிமை மூன்றாம் நாள் பாட்டிக்கு விளங்கிற்று.

அன்று மாலை அடுத்த வீட்டுக் குழந்தை எங்கள் கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்த சுண்ணாம்புப் பொட்டலம் அதன் கையில் அகப்பட்டது. பிளாஸ்டிக் பொட்டலம், அமுக்கினால் மெத்தென்று இருக்கும். குழந்தை அமுக்கிற்று. பொட்டலம் வெடித்துச் சுண்ணாம்பு ஒரு கண்ணில் பாய்ந்தது.

குழந்தை வீறிட்ட வீறலில் தெருவே கூடிவிட்டது. ஒருவர் கண்ணில் ஊத வேண்டும் என்றார். ஒருவர் தாய்ப்பால் விடச் சொன்னார். நான் வண்டி பிடிக்க ஓடினேன். "மாமா! வண்டி அப்புறம். முதலில் தண்ணீர்!" என்று ஒரு குரல் கேட்டது.

அவள் குழந்தையை மடியில் படுக்கவைத்து, அடிபட்ட கண் கீழ்ப்புறமாக இருக்கும்படி தலையைச் சாய்த்தாள். அழுக்கு நீர் நல்ல கண்ணுக்குள் போகாமலிருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. பிறகு இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்துக்கொண்டு, மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாகச் சுத்தமான நீரைச் செம்பு செம்பாக வார்த்தாள். இமை மடிப்புக்குள் ஒளிந்திருந்த வெண்துகள்களை நனைந்த பஞ்சால் ஒற்றி எடுத்தாள். குழந்தை கதறியது, அதன் தாய் கதறினாள், இவள் கை நிற்கவில்லை. அரை மணி நேரம் கழிந்த பின்னரே வண்டி ஏறினோம்.

பரிசோதித்த கண் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "யார் கழுவியது?" என்பதுதான். கண் பிழைத்தது.

இதில் அறியவேண்டிய தத்துவம் ஒன்று உண்டு. அமிலம் கண்ணில் பட்டால், மேற்பரப்பிலுள்ள புரதம் உறைந்து, ஓரளவு தானே தடுப்புச் சுவராக நிற்கும். சுண்ணாம்பு காரப் பொருள். அது திசுக்களைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டேயிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அது தன் வேலையைச் செய்யும். ஆகையால் அங்கே கிடைக்கும் உயர்ந்த மருந்தைவிட, வீட்டுக் குழாயில் அந்த நிமிஷமே கிடைக்கும் தண்ணீர் மேலானது. காரத்தை முறிப்பதாக எண்ணி எலுமிச்சஞ் சாறு முதலியவற்றை விடுவது பெரும் பிசகு.

மறுநாள் முதல் பாட்டியே மாணவியானாள். "காதுக்கு என்னடி பாடம்?" என்று கேட்டாள்.

"காய்ச்சின எண்ணெயை விடாமலிருப்பதே முதல் பாடம், பாட்டி. செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதோ, இல்லையோ, வெளியிலிருந்து தெரியாது. சூடும் உத்தேசமாகத்தான் தெரியும். கொண்டையூசியால் குடைவதும் வேண்டாம்; அழுக்கு வெளியே வராது, இன்னும் உள்ளேதான் போகும்."

குழந்தை காதில் பயறு, கடலை போட்டுக்கொண்டால் தண்ணீர் விட்டுக் கழுவக்கூடாது. தானியம் ஊறிப் பருத்து இறுகிவிடும். வைத்தியர் கொடுத்த சொட்டு மருந்தை விடுவதற்கும் முறை உண்டு. காதுக் குழாய் நேராக வேண்டுமென்றால், பெரியவர்களுக்குக் காதை மேலும் பின்னுமாக இழுக்கவேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கீழும் பின்னுமாக இழுக்கவேண்டும். மருந்துக் குப்பியைச் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்திருந்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே விடவேண்டும். குளிர்ந்த மருந்து காதில் விழுந்தால் தலை சுற்றும்.

இதற்குள் தாத்தா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவருக்கு வலது முழங்காலில் வலி; தடியும் வலது கையில். "தாத்தா, தடியை இடது கைக்கு மாற்றுங்கள்" என்றாள் பெண். தாத்தா திகைத்தார். நாம் நடக்கும்போது வலது காலோடு முன்னே வருவது இடது கை அல்லவா? நோயுற்ற கால் உடம்பைத் தாங்கும் அதே சமயத்தில் எதிர்க் கையிலுள்ள தடியும் தரையில் ஊன்றி நின்றால் பாரம் பங்கிடப்படும். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோய்க்காலும் தடியும் முதலில். அக்குள் கட்டை வைத்துக்கொள்பவர்கள் பாரத்தை உள்ளங்கையில்தான் தாங்கவேண்டும். அக்குளில் சாய்ந்தால் அங்குள்ள நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும்.

தாத்தா மறுபேச்சின்றித் தடியை மாற்றினார். "அறுபது வருஷமாக என் பேச்சை ஒரு நாளாவது இப்படிக் கேட்டதுண்டா?" என்று பாட்டி அங்கலாய்த்தாள்.

நேயர்களே! இவையெல்லாம் அற்ப விஷயங்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1976-ஆம் வருஷம் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன தமது விரல்களைப் பழக்கிப் பழக்கியே கண்ணில் கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டவர் அவர். அந்த ஸ்தாபனம் கிராமத்துப் பெண்களைச் சேர்த்து இரண்டு வருஷம் பயிற்சி அளிக்கிறது. பார்வையைச் சோதிப்பது, சொட்டு மருந்து விடுவது, நோயாளியைச் சிகிச்சைக்குத் தயார் செய்வது, தைரியம் சொல்வது எல்லாம் அப்பெண்களின் பொறுப்பு. வைத்தியரின் நேரம் முழுவதும் வைத்தியர் மட்டுமே செய்யக்கூடிய காரியத்துக்கு மிஞ்சுகிறது. எத்தனையோ லட்சம் ஏழைகள் பார்வை பெற்றதற்கு இந்த ஏற்பாடும் ஒரு முக்கிய காரணம்.

நம் வீடுகளில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பெண்களும் பிள்ளைகளும், "டாக்டர் படிப்புக் கிடைக்கவில்லையே!" என்று முகம் வாடி உட்கார்ந்திருக்கிறார்கள். பெற்றோரும் கூடவே வாடுகிறார்கள். டாக்டர் வந்து சேர்வதற்கு முன் கழிகிற அந்த அரை மணி நேரத்துக்கும் ஆள் வேண்டாமா?

பாட்டியின் வெற்றிலைப் பெட்டி இப்போது குழந்தைக்கு எட்டாத அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பாட்டி சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "எங்கள் பெண் டாக்டர் இல்லை, டாக்டருக்கு முன்னால் வருகிறவள்!"