கஞ்சாவும் மூளையும் காவல் நிலையமும்

'கஞ்சா கேஸ்' நம்ம தெருக்களுக்குப் புதுசில்லை. மண்டபம், ராமேஸ்வரம் கரையில் இலங்கைக்குப் போகிற மூட்டை பிடிபட்டால் மறுநாள் பேப்பரில் படம் வருகிறது. மூட்டைக்குப் பின்னால் குத்தவைத்திருப்பவன் சுமந்தவன். பணம் போட்டவன் எந்தப் படத்திலும் இல்லை. இதையெல்லாம் பேசியிருக்கிறோம். அந்தச் செடி உடம்புக்குள்ளே போய் என்ன செய்கிறது என்று மட்டும் பேசியதில்லை. அதை டாக்டருக்கும் போலீசுக்கும் விட்டுவிட்டோம். அறிவை அவர்கள் வசம் விட்டால் நமக்கு மிஞ்சுவது எஃப்.ஐ.ஆர். மட்டும்தான் தோழர்களே.

கஞ்சாவில் போதை தருகிற டி.ஹெச்.சி.யை இஸ்ரேலில் ரஃபேல் மெக்கோலம் குழு 1964இல் பிரித்துக் காட்டியது. மூளையில் அது போய் ஒட்டுகிற இடம் 1988இல்தான் தெரிந்தது. நரம்புச் செல்களின் மேல் அதற்கென்று ஓர் ஏற்பி, பெயர் சிபி1. கஞ்சாவைக் கண்ணால் பார்க்காதவன் மூளையிலும் அது உண்டு. காரணம், உடம்பே அதுபோல ஒன்றைச் சுரக்கிறது. 1992இல் அதைக் கண்டுபிடித்து 'ஆனந்தமைடு' என்று பேர் வைத்தார்கள். (ஜெருசலேம் லேபுக்குள்ளும் சமஸ்கிருதம்தான் முதலில் நுழையுது, பாருங்க.) ஒரு செல் அடுத்த செல்லுக்கு ஓயாமல் சேதி அனுப்பினால், வாங்குகிற செல் திரும்பி 'போதும்ப்பா' என்று சொல்ல வேண்டும். ஆனந்தமைடும் அதன் கூட்டாளியும்தான் அந்தச் சொல். தேவையான இடத்தில், தேவையான நேரம் மட்டும் சொல்லும். டி.ஹெச்.சி. அப்படியில்லை, ஒரே சமயத்தில் எல்லா இடத்திலும் மணிக்கணக்கில் 'போதும்' என்கிறது. ஞாபகம் தடுமாறுவது, நேரம் நீள்வது, கைகால் நிதானம் தப்புவது எல்லாம் இதனால்தான். மூச்சை ஆளும் மூளைத்தண்டில் சிபி1 குறைவு. அதனால் அபின் போல மூச்சை நிறுத்திக் கொல்வதில்லை. அதற்காக வெறும் இலைதானே என்று சொல்லிவிட முடியாது. பதின்ம வயதில் மூளை இன்னும் முற்றுவதில்லை. அந்த வயதில் தினமும் இழுக்கிறவனுக்கு மனச்சிதைவு வரும் ஆபத்து கூடுகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் சொல்லியாகிவிட்டது. விடுதி மொட்டைமாடியில் கலகம் என்று நினைத்து இழுக்கிற தம்பிகள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

அதே செடியில் போதை தராத இன்னொன்று கன்னாபிடியால். டிராவே என்ற கடும் வலிப்பு நோய் உள்ள 120 பிள்ளைகளிடம் சோதித்த முடிவு 2017இல் வந்தது. மருந்து வாங்கியவர்களுக்கு மாதம் சுமார் 12 என்றிருந்த வலிப்பு 6 ஆனது. வெறும் சர்க்கரைத் தண்ணி போல மருந்தில்லாததை வாங்கியவர்களுக்கு 15, 14 ஆனது. 2018இல் அமெரிக்கா அதை மருந்தாக அனுமதித்தது. ஈரலைச் சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து அது. அல்சைமர், பார்க்கின்சன் எல்லாம் தீரும் என்று எண்ணெய் பாட்டில் விற்கிறவர்களை நம்ப வேண்டாம். அவை கண்ணாடித் தட்டிலும் எலியிலும் தெரிந்த நம்பிக்கைகள், மனிதர்களிடம் நிரூபணமாகவில்லை.

வலிப்பு என்றதும் எனக்கு ஏர்வாடிதான் ஞாபகம் வருகிறது. 2001 ஆகஸ்ட் 6, விடியும் முன் கொட்டகை பற்றி எரிந்தது. சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். நம்ம மாவட்டத்தில் மூளை நோய்க்குக் கிடைத்த வைத்தியம் அந்தச் சங்கிலி. வலிப்புக்கு பினோபார்பிட்டோன் போன்ற மலிவு மாத்திரைகள் நூறு வருசமாக உண்டு. அது தெரியாமல் பேயோட்டியிடம் போகிறார்கள். வெளிநாட்டு மருந்தின் விலையைப் பேசுவதற்கு முன்னால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1985ஆம் வருசச் சட்டத்தில் கஞ்சா என்பது பூவும் காயும் உள்ள நுனி. தனியாக இருக்கிற இலையும் விதையும் அதில் சேராது. அதனால்தான் காசியில் பாங்கு அரசு உரிமத்தோடு விற்கிறது. இலையிலும் டி.ஹெச்.சி. உண்டு, மூளைக்கு இலை, பூ வித்தியாசம் தெரியாது. ஆனால் சிவராத்திரிக்கு அரைத்தால் அது பிரசாதம், சேரி முக்கில் புகைந்தால் குற்றம். செடியிலும் ஊர், சேரி பிரித்துவிட்டார்கள். 20 கிலோவுக்கு மேல் பிடிபட்டால் 10 முதல் 20 வருசம், ஜாமீனும் லேசில் கிடைக்காது. கூலிக்கு மூட்டை தூக்கியவன் தலையில்தான் அந்த எடை முழுக்க விழுகிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையத்தில், கஞ்சாவைக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது. சுமந்தவனுக்கான தண்டனை அப்படியே இருக்கிறது.

வெள்ளைக்காரன் 1893–94இல் கஞ்சா விசாரணைக் கமிஷன் போட்டான். பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைக் கமிஷன் தோண்டிப் பார்த்தது. நோய்க்குக் காரணம் 'கஞ்சா' என்று எழுதியிருந்த பல இடங்களில் அதைச் சொன்னது டாக்டர் இல்லை, ஆளைக் கொண்டுவந்து விட்ட போலீஸ். அந்தப் பதிவேட்டை நம்ப முடியாது என்று அரசாங்கக் கமிஷனே எழுதிவிட்டது. இன்றைக்கும் நம்ம பிள்ளைகளின் பேருக்கு எதிரே காரணம் எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது?

பழக்கத்தில் விழுந்த தம்பிகளுக்கு ஒரு தகவல். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, புகைத்தது அல்லது சிறிய அளவு வைத்திருந்தது என்ற வழக்கில் சிக்கிய அடிமை தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. ஸ்டேஷனில் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். நம்ம வக்கீல் தோழர்கள் ஜாமீன் மனு எழுதும்போதே இதையும் கேட்க வேண்டும். மாணவர்கள் இந்தப் பிரிவைத் தெருத்தெருவாக வாசித்துக் காட்டுங்கள், 20 வயதுக்குக் கீழே இருக்கிற தம்பிகளிடம் முதலில்.